கடலுக்குக் குரல் வந்த பிறகு

இரவு சிஃப்ட் முடிந்து பாசிர் கூடாங் தொழிற்பேட்டையிலிருந்து ஃபேக்டரி பஸ் சாந்தினியை மாசாயில் இறக்கிவிடும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் வீடு திரும்புவாள். குளித்துவிட்டு மைலோ கலக்கிக் குடிப்பாள். அறையின் தடித்த திரையை இழுத்துவிட்டால் பகல் வெளியிலேயே நின்றுகொள்ளும். ஆனால் தூக்கம் உடனே வராது. ரசாயன ஆலையின் இரைச்சல் காதுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் அவள் கடலுக்குப் போவாள்.

கடலின் பெயர் மூன்டைட். எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் நுழைந்து விளையாடும் ஆன்லைன் விளையாட்டு அது. நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பாய்மரப் படகு கிடைக்கும். சுடுவது, கொல்வது எதுவும் இல்லை. மீன் பிடிக்கலாம், உப்பு அள்ளலாம், ஆளில்லாத தீவில் ஒரு ஜெட்டி, படகு அணையும் துறை, கட்டி அதற்குப் பெயர் வைக்கலாம். அங்கே முழுப் பகலும் கிடையாது, முழு இருட்டும் கிடையாது. எப்போதும் ஓர் ஊதா வெளிச்சம். நீருக்கடியில் மெல்ல மினுங்கும் மீன்கள். தூரத்தில் யாரோ ஒருவரின் பாய். தலையணையில் சாய்ந்து, வயிற்றின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்துக்குள் போகும்போது, விழித்திருக்கிறோமா தூங்கிவிட்டோமா என்பதே சில நாள் அவளுக்குத் தெரியாது.

அந்தக் கடலில் அவளுக்கு மூன்று பேர் இருந்தார்கள். ஜொகூர் பாருவில் வீட்டிலிருந்தே கணக்குத் தணிக்கை செய்யும் காசிவிஸ்வநாதன். சிங்கப்பூர் கிடங்கு ஒன்றில் மாலை வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டும் ரூபேந்திரன். மெர்சிங்கில் அண்ணனின் டோபிக் கடையில் தீவு ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் கஸ்தூரி. நால்வருக்கும் காலைதான் கை சும்மா இருக்கும் நேரம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் எழுதுவதுதான் அவர்களுக்குப் பேச்சு.

நால்வரையும் சேர்த்தவள் கஸ்தூரி. உலகமே ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்த பொதுப் பெட்டியில் ஒரு நாள் அவள் தமிழில் எழுதினாள்: "இந்த மீனைச் சாப்பிடலாமா, சும்மா பார்க்க மட்டுமா? தமிழ் தெரிந்த நண்பர்கள் இருந்தால் சொல்லுங்கள்." மூன்று படகுகள் மூன்று பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தன. அவள் தமிழ் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். பள்ளிப் புத்தகத்திலிருந்து எடுத்தது போல "மிக்க நன்றி நண்பர்களே" என்பாள். அடுத்த வரியிலேயே ரூபேந்திரனிடம் கற்றுக்கொண்ட "செம்ம கடுப்பு லா" வந்து விழும். தெரியாத சொல்லை வெட்கமில்லாமல் கேட்பாள். மலாய்ப் பள்ளியில் படித்தவளாக இருக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சாந்தினிக்கு அவள் கஸ்தூரி அக்கா. நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுபோனதைச் சாந்தினி வீட்டுக்கு வெளியே முதலில் சொன்னது அவளிடம்தான். மீன் பிடித்துக்கொண்டே, வரி வரியாக, பல காலைகளில் எழுதினாள். கஸ்தூரி அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நீ எழுது. நான் படகை ஓட்டுகிறேன்" என்பாள். அவள் படகு பக்கத்திலேயே வரும்.

பிறகு, மழைக்காலம் முடிந்த சமயம், மூன்டைட் புதுப்பிக்கப்பட்டது.

அறிவிப்பு அழகாக இருந்தது. எழுத்துப் பெட்டியில் ஏமாற்றுக்காரர்களும் வசைகளும் பெருகிவிட்டதால் அதை எடுத்துவிடுகிறோம். இனி எல்லோரும் குரலில் பேசலாம். பக்கத்தில் வரும் படகில் இருப்பவர் குரல் பக்கத்திலேயே கேட்கும், விலகினால் தேய்ந்துவிடும். நிஜக் கடலைப் போல. யார் பேசுகிறாரோ அவர் பெயருக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மினுக்கும்.

முதல் காலை திருவிழா மாதிரி இருந்தது. காசியின் குரல் கனமாக, நிதானமாக, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரல் போல வந்தது. அதற்குப் பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. ரூபேந்திரன் பேசினால் கூடவே அவன் கூண்டில் வளர்க்கும் மெர்போக் புறாவும் கூவியது.

"காசி அண்ணே, நான் உங்கள ஒல்லியா நெனச்சிருந்தேன். குரல் நல்லா சாப்பிட்டவங்க குரல் மாதிரி இருக்கே" என்றான் ரூபேந்திரன்.

"உன் புறா உன்னவிட நல்லா பேசுதுப்பா" என்றார் காசி.

சாந்தினி சிரித்தாள். அந்த அறையில் தன் சிரிப்பே தனக்குக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. எழுத்தில் பல மாதங்கள் எடுத்த நெருக்கம் குரலில் ஒரே காலையில் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மூவரும் ஒரே படகில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கஸ்தூரியின் படகும் வந்திருந்தது. அவள் பெயருக்கு மேலே மட்டும் விளக்கு எரியவில்லை.

"கஸ்தூரிக்கா, பேசுங்க. மைக்கைத் தட்டிவிடுங்க" என்றாள் சாந்தினி. படகு ஒரு சுற்று சுற்றி வந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூவரும் பேசிச் சிரிக்கும்போது அந்தப் படகு அருகில் வந்து நிற்கும். பேச்சு இங்கிருந்து அங்கே தாவினால் படகின் முனையும் அங்கே திரும்பும். யாரோ கதவுக்கு வெளியே நின்று பார்ப்பது போல இருந்தது சாந்தினிக்கு.

"ஒருவேளை ஆம்பளையா இருக்கும் லா. குரலக் காட்டினா மாட்டிக்குவாங்கல்ல" என்றான் ரூபேந்திரன் ஒரு நாள்.

"இருந்தா இருக்கட்டுமே. இப்ப என்ன அதுக்கு?" என்றார் காசி.

காசிக்கு ஒன்றுமில்லை. சாந்தினிக்கு இருந்தது. தன் அழுகையை எல்லாம் யாருக்கு எழுதினோம் என்ற கேள்வி ஆலையிலும் அவளைவிட்டுப் போகவில்லை. அளவுமானி பார்க்கும்போதும், கேன்டீனில் சோற்றைப் பிசையும்போதும் அது கூடவே இருந்தது. ஒரு காலை, கடலில் அவளும் கஸ்தூரியும் மட்டும் இருந்தபோது, கேட்டேவிட்டாள்.

"அக்கா, நீங்க யாரு? இவ்வளவு நாள் நான் எல்லாத்தையும் சொன்னேன். நீங்க ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க. இப்படி ஊமையா பின்னாலயே வர்றது எனக்குப் பிடிக்கல. யாருன்னு சொல்லுங்க, இல்லன்னா வராதீங்க."

அந்தப் படகு அசையாமல் நின்றது. பிறகு மெல்ல நெருங்கி வந்து இவள் படகோடு உரசியது. சாந்தினிக்கு எரிச்சல் வந்தது. பாயை முழுக்க விரித்து வடக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச தூரம் அந்தப் படகு பின்னால் வந்தது. அதன் பிறகு ஊதா வெளிச்சத்தில் கரைந்துபோனது.

அதிலிருந்து கஸ்தூரி வரவில்லை.

முதலில் சாந்தினி நிம்மதி என்று நினைத்தாள். பிறகு கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது போல இருந்தது. காசியும் ரூபேந்திரனும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் பேச்சில் இடைவெளி விழும்போதெல்லாம் இவள் கண் தானாகவே காலியான தண்ணீருக்குப் போனது. தூங்கினால் கனவிலும் அந்தப் படகு வந்தது. அதில் ஆள் இல்லை. வெள்ளைப் பாய் மட்டும் காற்றில் உப்பி நின்றது.

விடுப்பு நாள் ஒன்றில் அவள் லார்க்கின் பஸ் நிலையத்தில் மெர்சிங் பஸ் ஏறிவிட்டாள். கஸ்தூரி முன்பு எழுதியிருந்த ஒரு வரியைத் தவிரக் கையில் எதுவும் இல்லை: "ஜெட்டிக்குப் போகும் வழியில் எங்கள் டோபிக் கடை." கோத்தா திங்கியைத் தாண்டியதும் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கின. ஒரே அளவு இடைவெளியில், ஒரே பச்சையில், முடிவே இல்லாமல் ஓடின. தூங்கி விழித்தாலும் அதே மரங்கள். பஸ் நகரவே இல்லையோ என்று தோன்றியது. காற்றில் உப்பு வாடை வந்த பிறகுதான் வந்துசேர்ந்தது தெரிந்தது. தண்ணீர் வற்றிய ஆற்றில் மீன்பிடிப் படகுகள் சேற்றின் மேல் சாய்ந்து கிடந்தன.

கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க கஸ்தூரின்னு..." சாந்தினி தயங்கினாள். பெயராவது நிஜமா என்று அவளுக்குத் தெரியாது.

"என் தங்கச்சிதான். நான் விஜயன். நீங்க?"

"மாசாயிலேர்ந்து வர்றேன் அண்ணே. ஒரு கேம்ல பழக்கம். படகு கேம்."

அவர் மடிப்பதை நிறுத்தினார். "சாந்தினியா?"

அவள் தலையாட்டினாள்.

"உள்ளாற வாங்க. உங்கள பத்தி எழுதி எழுதிக் காட்டும். இப்ப கொஞ்ச நாளா அந்த லேப்டாப்ப தொடுறதே இல்ல. என்னான்னு கேட்டா எல்லாரும் பேசுறாங்கன்னு எழுதுது. பேசட்டும், அது நல்லதுதானேன்னு கேட்டேன். மொறச்சிட்டுப் போயிடுச்சு."

"ஏண்ணே, அக்காவுக்குப் பேசப் பிடிக்காதா?"

விஜயன் கையிலிருந்த துண்டைக் கல்லாவில் வைத்தார். "அதுக்குக் காது கேக்காதும்மா. ஒம்பது வயசுல ஒரு காய்ச்சல் வந்து போனதுதான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுண்ணே" என்றாள் சாந்தினி. அவர் காட்டிய பின்கதவு வழியாகப் போனாள்.

பின்புறம் முழுக்கக் கொடிகள். கொடிகள் முழுக்க வெள்ளை விரிப்புகள். கடல் காற்றில் அவை வரிசை வரிசையாக உப்பி அடங்கின. அவற்றின் நடுவே நடக்கும்போது எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியவில்லை. வெளிச்சம் துணி வழியே பால் போல வடிந்து வந்தது. ஒரு விரிப்பு விலகியது. அங்கே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, குட்டையாக வெட்டிய முடி, வாயில் இரண்டு துணிக்கிளிப்புகளைக் கடித்தபடி நின்றாள். சட்டென்று ஓர் அந்நியப் பெண் முன்னால் வந்ததில் அவள் புருவம் உயர்ந்தது.

சாந்தினி தன் போனை எடுத்துத் தமிழில் தட்டி நீட்டினாள்: "இந்த மீனைச் சாப்பிடலாமா, சும்மா பார்க்க மட்டுமா?"

கஸ்தூரி படித்தாள். கிளிப்புகள் வாயிலிருந்து விழுந்தன. சாந்தினியின் கன்னத்தை ஈரக் கையால் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

விரிப்புகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட இரண்டு வாளிகளின் மேல் உட்கார்ந்தார்கள். ஒரே போன் கை மாறி மாறிப் போனது.

"ஏன்க்கா சொல்லல?" என்று எழுதினாள் சாந்தினி.

"அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே நன்றாக இருந்தது" என்று எழுதினாள் கஸ்தூரி. பிறகு யோசித்து நிறைய எழுதினாள். காய்ச்சலுக்கு முன்னால் அவள் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு காது கேளாதோர் பள்ளியில் எல்லாம் மலாய், சைகையும் மலாய்ச் சைகை. வீட்டில் அம்மா உதட்டசைவில் சொன்ன கொஞ்சம் தவிர, அவள் தமிழ் அந்த மூன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. "உங்களோடு எழுத ஆரம்பித்த பிறகுதான் அது வளர்ந்தது. கடுப்பு, மொக்கை, சும்மா இரு லா, எல்லாம் அங்கே வந்த சொற்கள். பெட்டியை எடுத்ததும் எனக்கு இன்னொரு தடவை காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது."

சாந்தினி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆனால் உங்கள் விளக்குகளைப் பார்ப்பேன்" என்று கஸ்தூரி தொடர்ந்தாள். "காசி அண்ணன் விளக்கு மெதுவாக எரியும். ரூபன் விளக்கு பட்டாசு. கடைசியாக ஒரு நாள் உன் விளக்கு எனக்காக மட்டும் ரொம்ப நேரம் எரிந்தது. ஏதோ முக்கியமாகச் சொல்கிறாய் என்று தெரிந்தது. நல்ல சேதி என்று நினைத்து உன்னைத் தொட வந்தேன். நீ போய்விட்டாய்."

சாந்தினி போனை வாங்கினாள். அழித்து அழித்து எழுதியது ஒரு வரிதான். "நல்ல சேதி இல்லக்கா. நீங்க யாருன்னு சந்தேகப்பட்டேன், வராதீங்கன்னு சொன்னேன்."

கஸ்தூரி அதைப் படித்தாள். காற்று ஒரு விரிப்பைத் தூக்கி இருவர் தலைமேலும் போர்த்திவிட்டுப் போனது. அந்த வெள்ளைக்குள் அவள் எழுதிக் காட்டினாள்: "காது கேட்காததில் ஒரு நல்லது."

இந்த முறை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்பு மட்டும்தான் வெளியே கேட்டது.

சாந்தினி மாசாய்க்குத் திரும்பி மற்றவர்களிடம் சொன்னபோது ரூபேந்திரனின் புறாதான் பேசிக்கொண்டிருந்தது. காசி கம்பெனிக்கு எழுதினார். தணிக்கையாளர் ஆயிற்றே, விடாமல் எழுதினார். எப்போதும் ஒரே தானியங்கிப் பதில் வந்தது: உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். பல வாரம் கழித்து ஒரு வசதி வந்தது. பேசுவதெல்லாம் திரையின் கீழே எழுத்தாக ஓடும். ஆனால் அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். காசி "வெயில் ஜாஸ்தி" என்றால் அது "வேல் ஜஸ்டின்" என்று எழுதியது. திரும்பி வந்து அதைப் படித்த கஸ்தூரிக்குத் தாங்க முடியாத சிரிப்பு. அன்றிலிருந்து அவளுக்குக் காசி அண்ணன் ஜஸ்டின் அண்ணன் ஆகிவிட்டார்.

போனில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிப் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. காலை வணக்கப் படங்கள் வந்தன. பதில் வருவதற்குள் பேச்சு ஆறிப்போனது. "கை ஒரு வேலையில் இருக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் ஓட வேண்டும், அப்போதுதான் எனக்குப் பேச்சு வரும்" என்று கஸ்தூரி அதில் எழுதினாள். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். மூன்டைட்டில் பாயில் படம் வரைந்துகொள்ளலாம். பூ, மீன், டிராகன் என்று பலர் வரைந்திருந்தார்கள். ஒரு காலை சாந்தினி நுழைந்தபோது தீவு முனையில் ஒரு பாய் நின்றது. அதில் பெரிய, கோணலான எழுத்தில்: "சாப்டியா?"

சாந்தினி தன் பாயை இறக்கினாள். கட்டம் கட்டமாகக் கறுப்புத் தடவி "இன்னும் இல்ல" என்று எழுதி ஏற்றினாள். அந்த இரண்டு சொல்லுக்குள் அவள் மைலோ ஆறிவிட்டது.

அப்படித்தான் அவர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள். மெதுவான பேச்சு. நீளமான ஒரு வாக்கியத்துக்கு நான்கு படகுகளும் வரிசையாக நிற்க வேண்டும். தமிழை எப்போதும் ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய ரூபேந்திரனுக்குத் தமிழ் எழுத்து வராது. அவன் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து வரைந்த பாய் "மண்ணிச்சிருங்க அக்கா" என்று ஏறியது. கஸ்தூரியின் படகு அதைச் சுற்றி வந்தது. மறுநாள் அவள் பாயில் பதில் இருந்தது: "ரெண்டு சுழி ன, தம்பி."

"அவ்வளவுதானா?" என்றான் ரூபேந்திரன்.

"அவ்வளவுதான்" என்றார் காசி. "திருத்து."

அவன் திருத்தினான்.

இந்த எழுத்துப் பாய்களைப் பார்க்க மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். பழைய நாளில் தங்கள் பெட்டிக்குள்ளேயே நால்வரும் அடைந்து கிடந்ததால் இந்தக் கடலில் இத்தனை பேர் இருப்பது அவர்களுக்குத் தெரியாமலே போயிருந்தது. பிலிப்பீன்ஸ் பெண் ஒருத்தி இது என்ன எழுத்து என்று கேட்டாள். தங்களில் ஒருத்திக்குக் காது கேட்காது என்று சாந்தினி அரைகுறை ஆங்கிலத்தில் காரணத்தைச் சொன்னாள். அது எப்படியோ பரவியிருக்க வேண்டும். ஒரு காலை, கூச்சிங்கிலிருந்து விளையாடும் ஒருவரின் படகு ஓசையில்லாமல் வந்து கஸ்தூரியின் பக்கத்தில் நின்றது. அதன் பாயில் மலாயில் இரண்டே சொல். சாயா புன். நானும்தான்.

கஸ்தூரியின் படகு நெடுநேரம் நகரவில்லை. கடலில் அப்போது யார் விளக்கும் எரியவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தாமாகவே நிறுத்தியிருந்தார்கள்.

கம்பெனி எழுத்துப் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. ரூபேந்திரனைச் சிங்கப்பூரில் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். விடுப்பு நாளில் மட்டும் வருகிறான். காசி வருகிறார், பேசுகிறார், பாதி நேரம் பாய் எழுதச் சோம்பல்படுகிறார். கூச்சிங்காரரும் கஸ்தூரியும் சில நாள் தாங்களாகவே தீவு தீவாகப் போய்விடுகிறார்கள். சாந்தினிக்கு அதில் லேசான பொறாமை உண்டு. அதையும் அவள் பாயில் எழுதிவிட்டாள். மூன்று நாள் வரிசையாகக் கிண்டல் பதில்கள் ஏறின.

ஆலையில் பராமரிப்பு வேலை நடந்த வாரம் அவள் ரொம்பவும் களைத்திருந்தாள். கடலுக்கு வந்து பாயை விரித்ததுதான் நினைவு. கண் சொருகிவிட்டது. படகு கேட்பாரில்லாமல் நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும்.

விழித்தபோது ஜன்னல் திரைக்கு அப்பால் வெயில் சாய்ந்திருந்தது. வயிற்றின் மேல் லேப்டாப் சூடாகக் கிடந்தது. திரையில் அவள் முன்பு பார்த்திராத தண்ணீர், பார்த்திராத தீவுகள். அவள் படகு தானாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். முனையில் ஒரு கயிறு. கயிற்றின் மறு முனையில் கஸ்தூரியின் படகு, அவளை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் தெரியும்படி அதன் பாயில் எழுதியிருந்தாள்: "தூங்கு. வழியில் எல்லாம் நல்லா இருக்கு."

சாந்தினி தலையணையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பாயைப் பார்த்தபடியே மறுபடி படுத்துக்கொண்டாள்.